நூற்றுப் பதினாலாம் அறை

எனக்குச் சங்கீதம் தெரியாது.
எக்செல் தெரியும்.
தர உறுதிப் பிரிவில் மூன்றாவது மேசை.
ஜன்னலுக்கு வெளியே மஸ்கட்டின் ஜூன்,
பார்க்கிங்கில் நிற்கும் கார்கள்
நின்ற இடத்திலேயே நெளிகின்றன.

இசைத்துறை. செவிப் பயிற்சி இரண்டு.
கற்றல் விளைவு நான்கு:
மாணவர் ஒரு சுரத்தை நினைவில் நிறுத்துவார்.
வந்தவர் முப்பத்தெட்டு, தேறியவர் இருபத்திரண்டு,
நூற்றுக்கு ஐம்பத்தெட்டு.
எழுபதுக்குக் கீழே இறங்கினால்
கட்டம் தானாகச் சிவக்கும்.
அப்படி அமைத்தவன் நான்தான்.

டீன் கேட்டார்,
பாடம் கடினமா, பிள்ளைகள் மந்தமா?
ஞாயிற்றுக்கிழமைக்குள் காரணம் வேண்டும்,
ஒரு பத்தி போதும்.

தேர்வை விளக்கியவர் முன்ஸிஃப்,
ஊத் வாசிக்கும் துனீசியாக்காரர்.
பியானோவில் ஒரு சுரம் தட்டுவோம்,
ஒரு நிமிடம் சும்மா இருப்போம்,
பிறகு அவர்கள் அதே சுரத்தைப் பாட வேண்டும்.
இவ்வளவுதானா என்றேன்.
இவ்வளவுதான், நீங்கள் பாடிப் பாருங்கள் என்றார்.
அடுத்த மீட்டிங் இருப்பதாகச் சொல்லி எழுந்துவிட்டேன்.

வியாழன் மாலை, எல்லோரும் போன பிறகு
பெயர்களைக் கலைத்துக் கலைத்து அடுக்கினேன்.
வயதுப்படி.
ஊர்ப்படி, சூர், நிஸ்வா, ஸலாலா.
பள்ளியில் இசை படித்தவர், படிக்காதவர்.
ஆசிரியர்வாரியாகவும் பார்த்தேன், கை கொஞ்சம் கூசியது.
ஒன்றும் பிரியவில்லை.
கடைசியில், இதுவரை யாரும் தொடாத ஒரு பத்தி:
அறை எண்.
சொடுக்கியதும்
குழம்பில் எண்ணெய் பிரிவதுபோல்
சிவப்பு ஒரு பக்கம் ஒதுங்கியது.

நூற்றொன்பதில் பதினெட்டுப் பேர், பதினேழு தேர்ச்சி.
நூற்றுப் பதினாலில் இருபது பேர்,
ஐந்து.

சாவி வாங்கிப் போய் நின்றேன்.
பியானோ, இரண்டு நாற்காலி,
அமைதி காக்கச் சொல்லி அரபியில் ஓர் அட்டை.
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
ஏசி ஓடியது. அதைப் போய்
சத்தம் என்று யார் சொல்வார்கள்?
பதினொரு வருடமாக அதற்குள்தானே தூங்குகிறேன்.

ஞாயிறு முன்ஸிஃப் தன் போனை
கூரையை நோக்கி நீட்டினார்.
திரையில் முள் ஆடி ஆடி நின்றது,
தட்டிய சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில்.
பிள்ளைகள் மறக்கவில்லை.
அந்த ஒரு நிமிடத்தில்
அறை பாடியதைக்
கேட்டிருக்கிறார்கள்.

பராமரிப்புப் பிரிவின் ஷஃபிகுல் ஏணியோடு வந்தார்.
மார்ச்சிலேயே எழுதிக் கொடுத்தேன் என்றார்.
தேடினேன். இருந்தது.
நிலை: பரிசீலனையில்.

தேறிய ஐவரில் நால்வர் எப்படித் தப்பினார்களோ.
ஐந்தாவது ஷம்ஸா அல் பலூஷி.
தாளின் ஓரத்தில் தேர்வாளர் குறிப்பு:
'மாணவி ஏசியை நிறுத்தச் சொன்னார். வெப்பம் கருதி மறுக்கப்பட்டது.
இடது காதைப் பொத்திக்கொண்டு பாடினார்.
சுரம் சரி.
நிற்கும் பாங்கு சரியில்லை, ஒரு மதிப்பெண் கழிவு.'

பத்தி எழுதினேன். ஏழு வரி.
குழு கூடியது, பேரீச்சம்பழம் சுற்றி வந்தது.
எல்லோருக்கும் பத்து மதிப்பெண் போடுவதென்று முடிவானது.
ஐம்பத்தெட்டு எண்பத்தொன்பதானது,
கட்டம் பச்சையானது.
அதையும் நான்தான் அமைத்திருந்தேன்.
ஷம்ஸாவின் அந்த ஒன்று
கழிந்தது கழிந்தபடியே இருந்தது.

இரவு, ரூவியில் என் அறை.
ஏசியை நிறுத்தினேன்.
முதலில் ஃபிரிட்ஜ் கேட்டது. அதையும் பிடுங்கினேன்.
ஸ்பூனால் டம்ளரில் ஒரு தட்டு.
கடிகாரத்தைப் பார்த்தபடி
ஒரு நிமிடம் சும்மா இருந்தேன்,
நாற்பதாவது நொடியில்
கீழே ஒரு கார் ரிவர்ஸ் எடுத்தது.
பிறகு வாய் திறந்து ஏதோ ஒன்றைப் பாடினேன்.

சரியா என்று சொல்ல ஆளில்லை.
முதுகில் சட்டை ஒட்டியது.
இன்னொரு முறை தட்டினேன்.