ஒரு மாத்திரை

வெள்ளி இரவு பத்தரைக்கு
லேபில் கடைசிப் பல்செட்டை மெருகேற்றி
டப்பாவின்மேல் "ஞானசேகரன், கீழ்த்தாடை" என்று எழுதிவிட்டுச்
சந்துக்குள் வந்தால்
லோடு ஆட்டோவில் என் வண்டியை ஏற்றிக்
கயிறு கட்டிக்கொண்டிருக்கிறான் செல்வின்.
காசிமேட்டு முடிச்சு.
அவிழ்க்க அவனால் மட்டும்தான் முடியும்.

இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் நாற்பதைத் தாண்டவில்லை.
கன்டெய்னர் லாரிகள் திட்டிக்கொண்டே முந்துகின்றன.
"மெதுவாப் போனா என்ன, ரேஸா?" என்கிறான்.
இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை.
தகரக் கூரைக்குக் கீழே
பெட்ரோலும் சாம்பார் சாதமும் ஒரே வாசனை.
வாடகை லெதர் சூட், ஆம்பளை அளவு,
தோளில் மடிந்து இடுப்பில் பிடிக்கிறது.
யாரோ விழுந்த தேய்ப்பு
இடது முட்டியில் ஏற்கெனவே இருக்கிறது.
உள்ளே அவன் வேர்வை, என் வேர்வை,
அரை டப்பா பவுடர்.
இன்றைக்கு எனக்கு இரண்டாம் நாள் என்று
மெக்கானிக் தஸ்தகீரிடம் சொல்லவா முடியும்?
செயினை விரலால் அழுத்திப் பார்த்து
"இது சரியாத்தான் இருக்கு, நீதான் டைட்டா இருக்கே" என்கிறார்.

பெண்கள் பிரிவில் ஒன்பது பேர்.
கல்லூரிப் பிள்ளைகள் ஆறு,
செங்குன்றத்திலிருந்து ஒரு போலீஸ்காரி,
காலர் எலும்பில் ஸ்டீல் பிளேட்டோடு பெனிட்டா,
முப்பத்து நாலு வயதில் நான்.
"அக்கா, முதல் வளைவுல உள்பக்கம் விட்டுராதீங்க"
என்றது ஒரு பிள்ளை.
உதவியா மிரட்டலா என்று
மதியம் முழுக்க யோசித்தேன்.

செல்வினுக்கு ஸ்டாப்வாட்ச் வேலை.
சுவரோரம் நின்று சுற்று நேரத்தைப்
பலகையில் எழுதிக் காட்டவேண்டும்.
அதை நம்பித்தான் நான் முறுக்குவது.
சாயங்காலம் ஒட்டிய தாளில் பார்த்தால்
ஒரு சுற்றுகூடப் பொருந்தவில்லை.
ஒன்றில் அரை நொடி கூட. அடுத்ததில் அரை நொடி குறைய.
தஸ்தகீர்தான் போட்டுக்கொடுத்தார்:
"நீ கோட்டைத் தாண்டுறப்ப கண்ண மூடிக்கிறான்மா.
சத்தம் போன அப்புறம்தான் தொறக்கிறான்."

கண் இமைக்கும் நேரம் ஒரு மாத்திரை.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை.
பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது.
இவன் கணக்கு அதில் எங்கும் இல்லை.

ஞாயிறு பதினொன்றே கால்.
சிவப்பு விளக்கு அணைந்தது.
நேர்ச்சாலையில் தாடை டேங்கின்மேல்,
பஸ்ஸில் பின்னாலிருந்து ஜடையை இழுப்பவனைப் போலக்
காற்று ஹெல்மெட்டை இழுத்தது.
நூறு என்ற பலகை. பிரேக் இல்லை.
இன்னும் இல்லை.
வாரம் முழுக்க மெழுகில் மயிரிழை சுரண்டும்
இதே இரண்டு விரல்
இப்போது.
முட்டி தரையைத் தொட
கரகரவென்று பேசியது தார்.
முன்னால் போலீஸ்காரி அகலமாய்ப் போனாள்,
உள்பக்கம் ஒரு கதவளவு திறந்தது,
நுழைந்தேன்.
நான்காம் இடம்.
ஒன்றரைச் சுற்று அங்கே குடியிருந்தேன்.

கடைசிச் சுற்றில்
சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது முன்சக்கரம்.
வானம், புல், வானம், ஒரு கொக்கு, புல்.
மல்லாந்து கிடந்து விரல்களை எண்ணினேன்.
பத்து.
திங்கட்கிழமை பிழைத்தது.

அந்த வளைவு சுவரிலிருந்து தெரியாது.
எட்டு வண்டி கோட்டைத் தாண்டியிருக்கிறது.
"இந்த ஒரு ரவுண்டாவது பாப்பமேன்னு
கண்ண மூடல," என்றான் ஆம்புலன்ஸ் அருகில்.
"நீ வரல."

திரும்பும்போது முப்பதுதான்.
பூந்தமல்லி தாண்டி
அவன் சட்டைப்பையில் ஏதோ மினுங்க எடுத்துப் பார்த்தேன்.
நிறுத்தவில்லை. ஓடிக்கொண்டிருந்தது.
என் கடைசிச் சுற்று:
மூன்று மணி, நாற்பத்தொரு நிமிடம், சொச்சம்.

மருந்துக்கடையோரம் நிறுத்தி
ஒரு மாத்திரை வாங்கிவந்தான்.
முழுங்கினேன்.
இடது கை தோளுக்குமேல் வரவில்லை.
ஞானசேகரனின் கீழ்த்தாடை காலையில் போகவேண்டும்.
வாட்சை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.
"முடிச்ச நாளைக்கு அவுத்துக்கலாம்," என்றான்.