எடைக்கு ஏறியவன்

ஆறு வருஷம் நரோக்கில் ஜீப் ஓட்டினேன்.
பலூன் மேலே போகும், நான் கீழே துரத்துவேன்.
அது எங்கே இறங்குமோ அங்கே போய் நிற்க வேண்டும்,
அவ்வளவுதான் வேலை.
வரிக்குதிரையின் கால்களை அறிவேன்,
முதுகை அறியேன்.
சிங்கம் தின்று போட்ட எருமையின்
விலாக்கூட்டைச் சுற்றி வண்டியைத் திருப்பியிருக்கிறேன்.
மேலிருந்து அது எப்படித் தெரியும் என்று
யாரையும் கேட்டதில்லை.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்,
ஆவணி பிறக்கட்டும் என்று இருந்தோம்.
ஒத்தக்கடை தாண்டி ஒரு தரிசில்
விடியுமுன் விரித்தோம் எண்பது அடித் துணியை.
முத்தோனி வந்திருந்தாள், அதே கம்பெனி, அதே தொப்பி.
டீக்கடையில் அவளை முத்து என்றே கூப்பிட்டார்கள்;
அவளும் திரும்பினாள்.

பயணிகளை எடை போட்டோம், மூட்டைகளைப் போல.
நகைக்கடை முதலாளி நூற்றிரண்டு கிலோ.
தன் எடையை உரக்கச் சொல்லக் கூடாதென்றார் அவர் வீட்டம்மா.
வில்லாபுரத்துத் தம்பதி வரவில்லை,
போனையும் எடுக்கவில்லை.
கூடை ஒரு பக்கம் சாய்ந்தது.
'நீ ஏறு' என்றாள் முத்தோனி,
மணல் மூட்டையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்து.
ஜீப் சாவியைச் சேவுகனிடம் எறிந்தேன்.

நெருப்பு ஒரு தடவை உறுமியது.
ஒத்தக்கடை நாய்கள் மொத்தமும் பதில் சொல்லின.
பிறகு சத்தமே இல்லை.
நாங்கள் எழும்பியதாகத் தெரியவில்லை,
தரைதான் கையை விட்டது.

'மிருகங்கள் எங்கே?' என்றாள், கிண்டலாக.
காட்டினேன்.
இதோ யானை, கால் மடக்கிப் படுத்திருக்கிறது.
அதோ மேற்கே, ஊர்ப் புகைக்கும் அப்பால், நாகம்.
அதற்குத் தெற்கே பசு.
மூன்றும் மதுரையை அழிக்க ஏவப்பட்டவை,
வந்த இடத்தில் கல்லாய்ப் போனவை.
'அசையாத மிருகத்துக்கு எதற்கு டிக்கெட்?'
சிரித்தாள்.
ஆனால் யானையின் முதுகுக்கு மேலே போனபோது
பேசாமல் வந்தாள்.
பாறைக் குழியில் மழைத் தண்ணீர், வானத்தைப் பார்த்தபடி.
அடிவாரத்திலேயே வளர்ந்த எனக்கு
அதற்கு முதுகில் கண் இருப்பது தெரியாது.

கிடை ஆடுகள் நெருப்புச் சத்தத்துக்குச் சிதறின.
மாராவில் காட்டுமாடுகள் எங்கள் நிழலுக்கே ஓடும், இப்படித்தான்.
கீதாரி ஒருவர் கம்பை ஓங்கித் திட்டினார்;
வார்த்தை வந்து சேரவில்லை,
கம்பு வந்து சேர்ந்தது.

காற்று தெற்குத்தெரு பக்கம் தள்ளியது.
அங்கே ஒரு குன்று இல்லை.
இருந்த இடத்தில்
சதுரம் சதுரமாய் வெட்டுப் படிகள்,
அடியில் பச்சைத் தண்ணீர்,
ஓரத்தில் பெயிண்டால் எண் எழுதிய பாளங்கள்.
முத்தோனி எட்டிப் பார்த்தாள், நெடுநேரம்.
சிங்கமானால் எலும்பை விட்டுவைக்கும்.
கழுதைப்புலி எலும்பையும் தின்னும்,
ஆனால் பல் தடம் இத்தனை நேராக இருக்காது.
'எது தின்றது இதை?'

நகைக்கடைக்காரர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.
எனக்கு என் வீட்டுச் சமையல் மேடை ஞாபகம் வந்தது.
கென்யாப் பணத்தில் போட்டது, ஆறடி, ஒரே கல்,
சித்திரையிலும் விரலுக்குக் குளிரும்.
வாயுக் குழாயைச் சரிபார்ப்பதுபோல்
குனிந்துகொண்டேன்.

கருவேலத்துக்குத் தப்பி, வறண்ட கண்மாய்க்குள் இறங்கினோம்.
கூடை இரண்டு முறை குதித்து, சாய்ந்து, நின்றது.
துணி பெருமூச்சு விட்டுப் படுத்தது.
கரைமேல் புழுதியைக் காணோம்.
துரத்தி வருகிறவனுக்காக
முதல் தடவையாகக் காத்திருந்தேன்.
கால்மணி கழித்துச் சேவுகன் போன் செய்தான்,
வழி தெரியவில்லையாம்.
'அடையாளம் சொல்லுங்கண்ணே,
பக்கத்துல ஏதாச்சும் மலை தெரியுதா?'

போனைக் காதில் வைத்தபடி
கரைமேல் ஏறிப் பார்த்தேன்.