ஆறரைக் கிலோ

பழையது மூன்று வருஷம் உழைத்தது.
முத்தியால்பேட்டையில், கடலுக்கு இவ்வளவு பக்கத்தில்,
இரும்பு அதற்கு மேல் இரும்பாக இருப்பதில்லை.
காலடியில் வெல்லப்பாகாய்த் துரு வழிந்து
டைல்ஸில் நான்கு வட்டம் விட்டிருந்தது.
மெக்கானிக் முதுகைக் கழற்றிப் பார்த்து
‘போர்டு போச்சுக்கா’ என்றான்.
போர்டின் விலையைச் சொன்னான்.
எனக்கும் கொஞ்சம் போச்சு.

இரண்டு வாரம் பக்கெட்டும் சோப்புமாய்ப் போனது.
சட்டையிலிருந்த அச்சு மை
நகக்கண்ணுக்கு இடம் மாறியது.

ஆடித் தள்ளுபடியின் கடைசி ஞாயிறு.
காமராஜ் சாலைக் கடையில்
ஏசிக் குளிரில் ஒரு வெள்ளை வரிசை.
‘வீட்ல எத்தனை பேர் மேடம்?’
இரண்டு என்றேன்.
‘இப்போதைக்கு ரெண்டு’ என்று சிரித்து
எட்டுக் கிலோ பக்கம் அழைத்துப் போனான்.

இல்லை தம்பி, எங்கள் அழுக்கு எனக்குத் தெரியும்.
அச்சகத்திலிருந்து வரும் இரண்டு சட்டை,
டயாலிசிஸ் வார்டிலிருந்து வரும் என் யூனிஃபார்ம்,
துண்டு, லுங்கி, வாரம் ஒரு போர்வை.
தராசில் வைத்தால் ஆறரை தாண்டாது.

அவன் என்னிடமே பேசிக்கொண்டிருந்தான்.
மோட்டாருக்குப் பத்து வருஷம் என்றான்.
போர்டுக்கு? என்றேன்.
ஒரு வருஷம் என்பதைத்
தும்மல் மாதிரி சொன்னான்.
முன்பக்கம் திறப்பதைக் காட்டினான்.
எங்கள் போர் தண்ணீர்
எவர்சில்வர் குடத்திலேயே வெள்ளை பூசிவிடும்,
உள்ளே இருக்கும் ஹீட்டரை விட்டுவைக்குமா?
ஃபோனிலிருந்தே ஓட்டலாம் என்றான்.
ஃபோனிலிருந்து காயப்போட முடியுமா என்றேன்.

இதற்குள் மதலைமுத்து
தரையில் மல்லாந்து படுத்துவிட்டார்.
செல்ஃபோன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு
ஒவ்வொன்றின் அடிவயிற்றையும் பார்த்தபடி நகர்ந்தார்:
எலி நுழையச் சந்து உண்டா,
அடித்தட்டு தகரமா, பிளாஸ்டிக்கா.
பலூன் பிடித்த குழந்தையோடு ஒரு குடும்பம்
அவரைத் தாண்டிப் போனது.
‘சார்... சார்...’ என்றான் பையன்.
அவருக்குக் காது கேட்காது என்று நான் சொல்லவில்லை.
வீட்டில் துவைப்பது யார் என்று
அவனும் கேட்கவில்லை.

எழுந்தார். சட்டையைத் தட்டிக்கொண்டார்.
ஓட்டிக் காட்டு என்று கையைச் சுழற்றினார்.

காட்டுவதற்கென்றே மூன்று வைத்திருந்தார்கள்.
முதலாவதின் மேல் உள்ளங்கையைப் பதித்தார்.
‘இதுதான் மேடம் டாப்.
ஓடுதா நிக்குதான்னே தெரியாது.’
அவருக்கும் தெரியவில்லை.
என்னைப் பார்த்துக் கையைக் கவிழ்த்து மல்லாத்தினார்:
செத்துவிட்டது.

இரண்டாவது நடுவில் எங்கோ விக்கியது.
விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.
பேரிங் சரியில்லை என்பதற்குக்
காற்றில் ஒரு வட்டம் வரைந்து
அதை உடைத்தார்.

மூன்றாவது ஓரத்தில். போன வருஷத்து மாடல்,
நாலே பட்டன், மூடியில் ஒரு கீறல்.
பிழிவதற்கு வேகம் ஏறியபோது
நடுக்கம் அவர் தோள்வரை போனதைப் பார்த்தேன்.
உதறல் இல்லாத, ஒரே சீரான நடுக்கம்,
திண்டிவனம் தாண்டிய பஸ் மாதிரி.
கண்ணை மூடிக்கொண்டு
வேண்டிய நேரத்துக்கு மேலேயே நின்றார்.
‘அது கொஞ்சம் சத்தம், மேடம்’ என்றான் பையன்
மன்னிப்புக் கேட்கிற குரலில்.

அதற்கே பில் போடச் சொன்னோம்.
கீறலுக்கு எழுநூறு குறைத்தேன்.

இரவு ஷிஃப்ட் முடித்து வந்து
துணியைப் போட்டுவிட்டுப் படுக்கிறார்.
சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின்,
இந்தப் பக்கம் பாயில் அவர் பாதம்.
கடைசிச் சுற்று தளர்ந்து
பீப் அடிக்க வாயெடுக்கும் முன்னால்
எழுந்து போய் மூடியைத் திறந்துவிடுகிறார்.
வாங்கி ஒரு மாதமாகிறது,
அந்த பீப்பை நான் இன்னும்
ஒரு தடவைகூட முழுசாகக் கேட்டதில்லை.

கீழ்வீட்டு ரெஜினா நேற்று மேலே வந்து
என்ன அப்படி அதிருது என்று கேட்டாள்.
ரப்பர் கால் வைத்தால் அடங்குமாம்,
அவள் தம்பி வீட்டில் வைத்திருக்கிறார்களாம்,
விலையும் ஒன்றும் பெரிதில்லையாம்.
வாங்கிவிடுகிறேன் என்று சொல்லி
காபி கொடுத்து அனுப்பினேன்.