சேராங்கொட்டை மை

திங்கட்கிழமை மூட்டையில் வந்தது அந்தச் சட்டை.
வெலிங்டன் பாசறையில் வெள்ளைக்காரர் முந்நூறு பேர்;
எனக்கு முகம் தெரியாது,
கழுத்துப்பட்டைக் குறிதான் தெரியும்.
இது மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு.

வலது கையில் முழங்கைவரை கறை.
வேட்டைக்குப் போயிருப்பான், கடமானாயிருக்கும் என்று
உவர்மண் போட்டு ஊறவைத்தேன்.
ஓடைத் தண்ணீர் விரலை வெட்டும் தை மாதம்.
ரத்தத்துக்குச் சுடுதண்ணீர் ஆகாது,
தொழில் தெரிந்தவன் நான்.
நன்றாகத்தான் வெளுத்தது.

புதன்கிழமைதான் காதுக்கு வந்தது
ஜக்கதளா மேட்டு உருளைக்கிழங்குக் காட்டில்
மாதி கிடந்த சேதி.
அவள் புருஷன் பெள்ளி
துறைக்கே இறங்கி வந்து
"கறை இருந்ததா?" என்று மட்டும் கேட்டான்.

ஊட்டிக் கோர்ட்டில் துரையும் அதையே கேட்டார்.
இருந்தது, ஐயா.
எங்கே?
விரித்துக் காட்டினார்கள்.
கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல்
என் கையால் தேய்த்த சட்டை.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அவன் கப்பலேறிவிட்டதாகப் பேச்சு.
சலவைக் கணக்கில் இரண்டணா பாக்கி.

அடுத்த பட்டாளம் வந்தது, அடுத்த மூட்டை.
சேராங்கொட்டையைக் குத்தி
ஊசி முனையில் மை தொட்டு
ஆளுக்கொரு குறி வைத்தேன்.
அந்த மூன்று புள்ளியை மட்டும்
ஒருவனுக்கும் தரவில்லை.

மாசியில் ஒருநாள் பெள்ளி வந்தான்,
அவளுடைய வெள்ளை முண்டுத் துணியோடு.
பிரித்தான். பழுப்பேறிக் காய்ந்திருந்தது.
தொட்டியை நான் எட்டி இழுத்தேன்.
வெளுக்க வேண்டாம், குறி மட்டும் போடு என்றான்.

எந்தக் குறி என்று நான் கேட்கவில்லை.
விரலில் பட்ட மை
கொப்புளமாகி ஆற
பத்து நாள் ஆனது.