பழைய எண், புதிய எண்

ஏற்காட்டுப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தாலே
நெத்திமேட்டில் கரண்ட் போய்விடும்.
திரும்பி வரும்போது
எங்கள் வீட்டில் எல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.
இருபத்து மூன்றில் இருந்த வாசல் கேமராவைத் தேடினால்
பிரிண்டர் பதில் சொல்லும்.
பிரிண்டருக்கு அனுப்பிய ஃபீஸ் ரசீது
வாஷிங்மெஷின் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பி வரும்.

மே மாதம் ஒரே நாளில் ஆறு முறை.
ஆறாவது முறை
பால் கணக்கு நோட்டைத் திருப்பிப் போட்டு
பின்னாலிருந்து எழுத ஆரம்பித்தேன்.

ரவுட்டருக்கு ஒன்று. அதில் பேச்சில்லை.
இரண்டு முதல் ஒன்பது வரை சுவிட்சுகள்.
(லைட் சுவிட்சுக்கா நம்பர் என்றான் லோகநாயகம்,
நைட் ஷிப்ட் முடிந்து இரும்பாலை பஸ்ஸில் வந்தவன்.
இல்லை, மற்றது என்றேன்.
தூங்கப் போய்விட்டான்.)
இருபதிலிருந்து கேமராக்கள்.
போன்கள் நூறுக்கு மேல் எங்கே வேண்டுமானாலும் அலையட்டும்,
அவை எப்படியும் வீடு தங்குவதில்லை.

ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒட்டியிருக்கும்
பன்னிரண்டு எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தேன்.
அது தலையெழுத்து, பிறக்கும்போதே போட்டது.
எண் மட்டும் வாடகை,
அதுவும் ஒரு நாள் வாடகை.
தினமும் காலி செய், தினமும் குடி வா.
எனக்குப் பிடிக்கவில்லை.
பதினோரு வருஷத்தில் ஐந்து வீடு மாறியவள் நான்.
அன்று மதியத்துக்குள்
கேமரா, பிரிண்டர், கவின்மொழியின் கம்ப்யூட்டர்
எல்லாரையும் போக்கியத்துக்கு மாற்றினேன்.

ஒரே ஒரு வம்பு.
மொட்டைமாடிக் கேமராவுக்கு நான் கொடுத்த முப்பத்தொன்றை
டிவிக்குள்ளும் யாரோ கையால் எழுதி வைத்திருந்தார்கள்.
இரண்டும் ஒரே பாயில் படுத்துப் போர்வையை இழுத்தன.
ஒரு நிமிஷம் கஞ்சமலை தெரியும்,
அடுத்த நிமிஷம் கருப்பு.
யார் எழுதியது என்று வீடெல்லாம் கேட்டேன்.
நான்தானாம், போன தீபாவளிக்கு.

சுவிட்சுகள் மூன்றென்றுதான் கணக்கு.
மூன்றும் கூப்பிட்டதும் குரல் கொடுத்தன.
ஆனால் ஹாலிலிருந்து மேலே போகும் நீல வயர்
போய்ச் சேரும் இடம் நோட்டில் இல்லை.
பிடுங்கினேன்.
மாடி மொத்தமும் ஒரே மூச்சில் செத்தது.
ஆன்லைன் டெஸ்ட் பாதியில் இருந்த கவின்மொழி
"அம்ம்மா!" என்றதில் லோகு எழுந்துவிட்டான்.
செருகினேன். உயிர் வந்தது.

ஏணி போட்டு ஏறினேன்.
குளியலறைக்கு மேல் பரணில்,
மிக்சி டப்பாவுக்குப் பின்னால்,
எட்டு ஓட்டைச் சுவிட்ச் ஒன்று
மேலே ஒட்டிய பல்லி முட்டைகளோடு
பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.
எங்களுக்கு வீட்டை விற்றவர்கள் விட்டுப்போனது.
தொட்டால் காய்ச்சல் அடிப்பதுபோல் சூடு.

எல்லா எண்ணிலும் கூப்பிட்டுப் பார்த்தேன்.
அந்த ரகத்துக்கு முகவரியே கிடையாதாம்.
வந்ததை வாங்கி உரியவரிடம் தள்ள
அதற்கு ஒன்றும் தேவைப்படவில்லை.
முகவரி என்பது
நாம் போய் அதனிடம் பேசுவதற்காம்.
ஆறு வருஷமாக
யார் போய்ப் பேசினார்கள்?

இருந்தாலும்
நான்காவது வரியில் "பரண்" என்று எழுதினேன்.
நான்கை வேறு யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

அப்போது போன்.
ஐந்துக்கு வரவேண்டிய புது சுவிட்ச்சோடு கூரியர் பையன்,
அரை மணியாகத் தெருவையே சுற்றுகிறானாம்.
"அக்கா, முப்பத்தேழுன்னா பழைய நம்பரா, புது நம்பரா?"
பழையது பதினாலு. புதுசு முப்பத்தேழு.
கேட்டில் பெயிண்ட் அடித்திருப்பது பதினாலு ஏ.
ரேஷன் கார்டில் வேறொன்று.

"நீ அங்கயே நில்லு" என்று
நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே
படி இறங்கினேன்.