ஏழாவது பொட்டு

ஆறு வரை ஒழுங்கு.
ஏழாவது கூட்டுக்குப் பொட்டு விழவில்லை.
அப்புறம் நாலு சரி, அப்புறம் ஒன்று காலி,
அப்புறம் பதினொன்று சரி.
கணக்கு இருந்தால் திருடனைப் பிடிக்கலாம்.
கணக்கில்லாத கோளாறு சொந்தக்காரன் மாதிரி,
எப்போது வந்து நிற்பானென்று தெரியாது.

தேவகோட்டை ரைபிள் கிளப், இரண்டாம் கட்டு அறை.
உரிமம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.
‘செல்போன் கூடாது’ என்று சாத்தையா எழுதிய அட்டைக்குக் கீழே
சாத்தையாவின் செல்போன் சார்ஜ் ஏறுகிறது.
ஞாயிறு மதுரையில் போட்டி.
இருநூறு தோட்டா வேண்டும். தேறியது முப்பத்தெட்டு.

தையல் மிஷின் பார்க்கிறவளுக்கு
இதெல்லாம் என்ன தெரியும் என்று
அவர் கேட்கவில்லை.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்தது ஒன்றே:
நூல் அறுந்தால் நூலைத் திட்டாதே.

செல்போனை வெளியே அனுப்பினேன்.
குழாயைக் கழற்றிப் பொட்டுகளைத் தட்டில் இறக்கினேன்,
மெதுவாக, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு.
அடுக்கி நிற்கும்போது
ஒன்றுக்குக் கோபம் வந்தால் எல்லாவற்றுக்கும் வரும்.
ஒன்றுகூடத் தலைகீழாக இல்லை.
குழாய் முனையின் பிளாஸ்டிக் விரல்கள் வளையவில்லை.
மேலிருந்து அழுத்தும் கம்பி தன் இடத்தில்.
ஸ்லைடு ஓடும் பள்ளத்தில் மட்டும்
கசகசா சிந்தினாற்போல மருந்து.

பொட்டில்லாத கூட்டின் அடித்துளை வழியே
அடுத்த நிலையில் ஊற்றிய மருந்து ஒழுகுகிறது.
ஒழுகியது பள்ளத்தில் சேர்கிறது.
ஸ்லைடு முக்கால் தூரம் போய்
வெறுங்கையோடு திரும்புகிறது.
அதனால் இன்னொரு கூடு காலி. அதனால் இன்னும் மருந்து.
வட்டிக்கு வட்டி.
இந்த ஊருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிரஷ் போட்டேன், பனியன் துணியால் துடைத்தேன்.
பத்து சரி. இருபது சரி.
சாத்தையா காப்பி சொல்லி அனுப்பினார்.
இருபத்தொன்று.

அகப்பட்டவன் அடியாள்தான்.

கைப்பிடியை அவரை இழுக்கச் சொல்லிவிட்டு
மேசை மட்டத்துக்குக் கண்ணை வைத்து உட்கார்ந்தேன்.
தேக்கில் கீறல் விழக்கூடாதென்று
பிரஸ்ஸுக்கு அடியில் மடித்து வைத்த வெல்வெட் துணி.
அதன்மேல் கவ்விக்கொண்டிருக்கும் இரண்டு கிளாம்ப்.
ஒவ்வொரு இழுப்புக்கும் பிரஸ்ஸின் பாதம்
அரை நூல் எழும்பி, சாய்ந்து, உட்கார்ந்தது.
ஸ்லைடு தொலைத்த தூரம்
அந்த மெத்தையில் கிடந்தது.

பர்மா தேக்கு. ஆச்சியின் மேசை. ஆச்சி பினாங்கில்.
வாடகை ஒப்பந்தம், பதினாலாவது ஷரத்து:
மேசையில் ஆணி அடிக்கலாகாது.

‘ஆணி அடிக்கவில்லை. துளை போடுகிறோம்.’

சாத்தையா முப்பது வருஷம்
முன்சீப் கோர்ட்டில் குமாஸ்தா.
அந்த வித்தியாசத்தை
வெற்றிலை மாதிரி வெகுநேரம் மென்றார்.
பிறகு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

மருந்தும் பொட்டும் அடுத்த அறைக்குப் போயின.
நாலு துளை, நாலு போல்ட், வெல்வெட் குப்பைக்கு.
தேக்குத் தூள் எண்ணெய் மணத்தோடு
என் புடவை மடியில் விழுந்தது.

அப்புறம் பேச்சே இல்லை.
இழுப்பு, தள்ளு, ஒரு சின்னக் ‘கிளிக்’.
நூற்று அறுபது தொடர்ந்து விழுந்தன.
மிச்சம் இரண்டு பொட்டு என் தப்பு,
விரல் வியர்வையில் நழுவி எங்கோ உருண்டன.
மிதிபடக் கூடாதே என்று
டார்ச்சோடு மேசைக்கு அடியில் நுழைந்தேன்.

ஒன்று கிடைத்தது, மேசைக்கால் ஓரம்.
இன்னொன்றுக்காகத் தலையைத் தூக்கியபோது
பலகையின் அடிப்பக்கத்தில், தூரத்து மூலையில்,
மூன்று பழைய துளைகள்.
அரக்கு வைத்து அடைத்து,
தேக்கு நிறத்தில் சாயமும் பூசியிருந்தது.

‘என்ன, அகப்பட்டதா?’ மேலிருந்து சாத்தையா.

‘ஒன்றுதான்’ என்றேன்.