பாலத்து வழியா வராதே

"எங்கடி போயிருந்தே?"
அப்பா சும்மாதான் கேட்டார்.
கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தான்,
கூட்ஸ் வண்டி நகரவேயில்லை என்று
பொய் தயாராக இருந்தது.
வாய் முந்திக்கொண்டது:
"கோவிலுக்கு."

காரப்பொடி ஆய்ந்துகொண்டிருந்த அம்மா
அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்தாள்.

எங்கள் வீட்டில் அது சபை.
ஞாயிறு காலையில் சபை, வெள்ளி முழுராத்திரி சபை.
கோவில் என்பது
அப்பா தனகோட்டியாக இருந்தபோது போன இடம்.

யோசுவா ஆன வாரம்
அங்காளம்மன் படத்தைச் சட்டத்தோடு
கேப்டன் காட்டன் கால்வாயில் போட்டார்.
மூழ்கவில்லையாம்.
ஆகாயத்தாமரையில் சிக்கி
மேலே பார்த்தபடி இரண்டு நாள் கிடந்ததாம்.
பாலத்தைத் தாண்டும்போதெல்லாம்
சாட்சியாகச் சொல்வார்.
'இரண்டு நாள்' வரும் இடத்தில் மட்டும்
குரல் கொஞ்சம் இறங்கும்.

"எந்தக் கோவில்?"
அண்ணன் ஓபேத். சபையில் டிரம்ஸ் அவன்தான்.
"காசிமேட்டுல. மாதா கோவில்.
ஆறு மாசமா வகுப்புக்குப் போறேன்.
பாஸ்கா ராத்திரி சேத்துக்குவாங்க."

"நான் தூக்கிப் போட்டத
நீ பொறுக்கினு வர்றியா திர்சா"
என்றார் அப்பா. கத்தவில்லை.
கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன்.

ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் நான்.
சொல்ல வேண்டியதை வரிசையாக
எழுதிக்கூட வைத்திருந்தேன்.
ஒன்றும் வரவில்லை.
பதினாலு வயதில் ஒரு வெள்ளிக்கிழமைதான் வந்தது.

என் வயசுப் பிள்ளைகள் எல்லாம்
அந்நிய பாஷை வாங்கிவிட்டார்கள்.
பாஸ்டர் உச்சந்தலையை அழுத்துகிறார்.
நாலு ஸ்பீக்கரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை அதிர்கிறது.
அம்மா அழுதுகொண்டே என் உதட்டைப் பார்க்கிறாள்.
எதிர்வீட்டு வெங்கம்மா
பிள்ளைகளை ஏசும் தெலுங்கை
உடைத்து உடைத்து வேகமாகச் சொன்னேன்.
அல்லேலூயா என்றது சபை.
அன்றைக்கு அப்பா பிரியாணி வாங்கினார்.

பன்னிரண்டு வருஷம் ஆயிற்று,
அது செரிக்கவில்லை.

காசிமேட்டில் வெயிலுக்குத்தான் ஒதுங்கினேன்.
இறால் உரிக்கிற பெண்ணொருத்தி
கை கழுவாமல் வந்து முட்டி போட்டிருந்தாள்.
வாயைத் திறக்கவில்லை.
யாரும் அவளைத் திறக்கச் சொல்லவுமில்லை.
சிலுவை வரைந்துகொண்டாள், எழுந்தாள்,
பாதி வேலைக்குத் திரும்பினாள்.
இவ்வளவுதானா என்று இருந்தது.
மறுநாளும் போனேன்.

இதையெல்லாம் எங்கே சொல்ல?
வெங்கம்மாவின் தெலுங்கிலிருந்தல்லவா
ஆரம்பிக்க வேண்டும்.

அம்மாதான் கேட்டாள்,
"அங்க கம்மல் போடலாமாடி?"
கேட்டுவிட்டு, தூர்ந்துபோன காதைத்
தோளில் உரசிக்கொண்டாள்.
கையெல்லாம் மீன்.

"அப்ப மறுபடி தண்ணி ஊத்துவாங்களா?
நாங்க எடுத்த ஞானஸ்நானம் செல்லாதா?"
இது ஓபேத்.

"ஊத்த மாட்டாங்க.
எப்படிக் குடுத்தாங்கன்னு ஃபாதர் கேட்டார்.
பிதா குமாரன் பரிசுத்த ஆவி நாமத்துல,
எண்ணூர் கடல்லன்னு சொன்னேன்.
அது போதும்மா,
அது ஒரே ஒரு தடவைதான்னார்."

அப்பா நிமிர்ந்தார்.
எண்ணூரில் பாஸ்டர் என்னைச் சாய்த்த நேரம்
ஒரு அலை வந்து அவர் பிடியை வாங்கிப் போனது.
சட்டை வேட்டியோடு பாய்ந்து
பின்னலைப் பிடித்துத் தூக்கியவர் அப்பா.
ஒரு வாரம் தலை வலித்தது.
அந்தத் தண்ணீர்தான்.

"செல்லும்னாரா?" என்றார்.
"செல்லும்னார்."

சாப்பிடவில்லை.
ஜெபத்துக்கு என்னைக் கூப்பிடவும் இல்லை.
பாயை மடித்து மாடிக்குப் போனார்.

விளக்கை அணைத்த பிறகு
படியில் அவர் செருப்புச் சத்தம்.
கதவுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"அந்த ராத்திரிப் பூசை எப்ப முடியும்?"
"ஒண்ணு ஆயிடும்ப்பா."
"நான் வர மாட்டேன்."
"ம்."
"கேட் போட்டிருந்தா நின்னு வா.
பாலத்து வழியா வராதே."